மலக்கும் தேவதையும்: சொல்லை வாங்குவதும் படத்தை வாங்குவதும்

மட்டக்களப்பு வாவியின் கரையோரமாக ஒரே படைப்புக்கு ஐந்தாறு பெயர்கள் வழங்குகின்றன. காத்தான்குடியிலும் ஏறாவூரிலும் ஓட்டமாவடியிலும் நாம் 'மலக்கு' என்கிறோம். புளியந்தீவில் வயதான கத்தோலிக்கர்கள் 'சம்மனசு' என்பார்கள். 1995இல் வெளிவந்த திருவிவிலியப் பொது மொழிபெயர்ப்பைப் படித்து வளர்ந்த அவர்களது பிள்ளைகளுக்கு அது 'வானதூதர்'. மெதடிஸ்த சபையாருக்குத் 'தேவதூதன்'. நமது குர்ஆன் தமிழாக்கங்களில் சில 'மலக்கு' என்றும் சில 'வானவர்' என்றும் எழுதுகின்றன. உமறுப் புலவரைத் திறந்தால் 'அமரர்' என்றும் 'விண்ணவர்' என்றும் வருகிறது.

இத்தனை சொல் இருந்தும் இன்றைக்கு நமது கவிதைத் தொகுதிகளிலும் பாடசாலை மலர்களிலும் முகநூல் பதிவுகளிலும் இவற்றில் ஒன்றையும் காணக் கிடைப்பதில்லை. எல்லாவற்றையும் 'தேவதை' என்ற ஒரு சொல் விழுங்கிவிட்டது. காதலி தேவதை, மகள் தேவதை, தாதி தேவதை, மரணித்த குழந்தையும் தேவதை. ஒரு சொல் இன்னொரு சொல்லின் இடத்தைப் பிடிப்பது மொழியில் புதினமில்லை. ஆனால் இந்தச் சொல் தனியே வரவில்லை, ஒரு படத்தைச் சுமந்துகொண்டு வந்திருக்கிறது. வெள்ளை உடுப்பு, முதுகில் இரண்டு சிறகு, பெண் அல்லது குழந்தை முகம், யாருக்கும் எந்தத் தீங்கும் செய்யாத புன்னகை. அந்தப் படம் எங்கிருந்து வந்தது, அதை வாங்கியதால் நமது இலக்கியம் எதை இழந்தது என்பதே இக்கட்டுரையின் விசாரணை.

வேதங்கள் காட்டும் உருவம்

பைபிளின் பழைய பகுதிகளில் மலக்குகளுக்குச் சிறகே இல்லை. எபிரேய மொழியில் அவர்களுக்கு 'மல்ஆக்' என்று பெயர். நமது 'மலக்'கின் உடன்பிறப்பு அது. கிரேக்கத்தில் 'ஆங்கெலோஸ்'. எல்லாவற்றுக்கும் பொருள் ஒன்றுதான்: தூதர், அனுப்பப்பட்டவர். ஆதியாகமம் 18ஆம் அதிகாரத்தில் இப்ராஹீம் நபியின் கூடாரத்துக்கு வருபவர்கள் மூன்று மனிதர்களாகவே வருகிறார்கள். அவர் ஓடிப்போய் வரவேற்று, கால் கழுவத் தண்ணீர் கொடுத்து, கன்றை அறுத்துச் சமைத்து, வெண்ணெயும் பாலும் வைத்து உபசரிக்கிறார். அவர்களும் உண்கிறார்கள். முதுகில் சிறகு இருந்திருந்தால் யார் வந்திருக்கிறார்கள் என்று முதல் பார்வையிலேயே தெரிந்திருக்கும்.

சிறகுள்ளவர்களும் பைபிளில் உண்டு. ஆனால் அவர்கள் வேறு வகையினர். ஏசாயா 6ஆம் அதிகாரத்தில் வரும் சேராபீன்களுக்கு ஆறு சிறகுகள். எசேக்கியேல் கண்ட காட்சியில் நான்கு முகமும் நான்கு சிறகும் உள்ளவர்கள் வருகிறார்கள்: மனித முகம், சிங்க முகம், எருது முகம், கழுகு முகம். அதைப் பார்த்து யாரும் வாழ்த்து அட்டை அச்சடிக்க மாட்டார்கள்.

நமது குர்ஆனும் இதே நிகழ்வைச் சொல்கிறது. ஆனால் ஒரு முக்கியமான வேறுபாட்டுடன். சூறா ஹூதில் (11:69-70) இப்ராஹீம் நபி பொரித்த கன்றைக் கொண்டுவந்து வைக்கிறார். விருந்தாளிகளின் கை அதன்பக்கம் போகவில்லை. அதைக் கண்டதும் அவர் உள்ளத்தில் அச்சம் எழுகிறது. சிறகையோ ஒளியையோ கண்டு அவர் அஞ்சவில்லை. சாப்பிடாமல் இருக்கும் கையைக் கண்டு அஞ்சுகிறார். கதை சொல்லும் கலையை அறிந்தவர்கள் இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். வந்தவர் மனிதர் அல்லர் என்பதை உணர்த்த ஒரு வருணனைகூடச் செலவாகவில்லை, நீளாத ஒரு கை போதுமாக இருந்தது.

சிறகு நமக்கும் உண்டு. சூறா ஃபாத்திரின் முதல் வசனமே இரண்டும் மூன்றும் நான்குமாகச் சிறகுள்ள மலக்குகளைப் பற்றியது. ஜிப்ரீல் (அலை) அவர்களை அறுநூறு சிறகுகளுடன் நபி (ஸல்) அவர்கள் கண்டதாக இப்னு மஸ்ஊத் (றழி) அறிவிக்கும் ஹதீஸ் இருக்கிறது. ஆனால் மனிதரிடம் வரும்போது அவர் பெரும்பாலும் மனித உருவில்தான் வந்தார். சில வேளை திஹ்யதுல் கல்பி என்ற ஸஹாபியின் சாயலில் வந்தார். ஸஹீஹ் முஸ்லிமில் உள்ள பிரபலமான ஹதீஸில், மிக வெண்மையான ஆடையும் மிகக் கறுத்த முடியும் உடைய ஒரு மனிதராக வந்து, நபியவர்களின் முழங்காலோடு முழங்கால் வைத்து அமர்ந்து கேள்வி கேட்டார். பயணம் செய்து வந்த அடையாளமே அவரில் இல்லை, அங்கிருந்த யாருக்கும் அவரைத் தெரியவும் இல்லை. இதுவும் அந்த நீளாத கை மாதிரித்தான். பாலைவனத்தில் பயணத் தூசு படியாத ஆள் என்று சொன்னால் கேட்பவனுக்கு மிச்சம் விளங்கிவிடும்.

இரு வேதங்களும் ஒத்துப்போகும் இன்னோர் இடம், அச்சம். லூக்கா முதலாம் அதிகாரத்தில் மர்யம் அலைஹஸ்ஸலாம் கலங்குகிறார். சூறா மர்யமில் அவர் அல்லாஹ்விடம் பாதுகாப்புத் தேடுகிறார். தானியேல் முகங்குப்புற விழுகிறார். ஹிறாக் குகையில் இருந்து இறங்கிய நமது நபியவர்கள் நடுங்கியபடி வீட்டுக்கு வந்து போர்த்தச் சொன்னார்கள். மலக்கு வந்தால் மனிதன் முதலில் நடுங்குகிறான். அதனால்தான் வந்தவர் பல இடங்களில் 'பயப்படாதே' என்று சொல்லித் தொடங்க வேண்டியிருக்கிறது. இன்றைய தேவதையைப் பார்த்து யாராவது நடுங்குவார்களா?

சிறகு முளைத்த கதை

கிறிஸ்தவக் கலையிலும் தொடக்கத்தில் சிறகு இல்லை. ரோமாபுரியில் பிரிசில்லா நிலவறைக் கல்லறையில் 3ஆம் நூற்றாண்டைச் சேர்ந்ததாகக் கருதப்படும் சுவரோவியம் ஒன்றில், மர்யம் அலைஹஸ்ஸலாம் அவர்களுக்கு நற்செய்தி சொல்ல வந்தவர் என்று அறிஞர்கள் கொள்ளும் உருவம் சாதாரண ரோம ஆடவனாக நிற்கிறது. 4ஆம் நூற்றாண்டின் இறுதியில்தான் சிறகு முளைக்கிறது. அந்தக் காலத்தில் ரோமர்களிடம் சிறகுள்ள பெண் உருவம் ஒன்று ஏற்கனவே இருந்தது: வெற்றித் தெய்வம், கிரேக்கத்தில் 'நைக்கி'. பேரரசு கிறிஸ்தவமானபோது கோயிலில் இருந்த அந்தச் சிறகு தேவாலயத்துக்கு வந்தது என்பது கலை வரலாற்றாசிரியர்கள் பொதுவாக ஏற்றுக்கொண்ட கருத்து. மறுமலர்ச்சிக் காலத்தில் இன்னொரு மாற்றம் நடந்தது. ரோமச் சிற்பங்களில் இருந்த காமதேவனின் கொழுகொழுக் குழந்தை உருவங்கள் மலக்குகளாகப் பெயர் மாறின. 1512 அளவில் ரஃபாயேல் வரைந்த சிஸ்டைன் மடோனா ஓவியத்தின் அடியில், தாடைக்குக் கை கொடுத்து மேலே பார்க்கும் இரண்டு சிறகுக் குழந்தைகளை நீங்கள் அறிவீர்கள். ஓவியத்தை அறியாதவர்களும் அந்த இரண்டு பேரை மட்டும் நாட்காட்டியிலும் கேக் பெட்டியிலும் கண்டிருப்பார்கள். நமது தேவதையின் பூர்வீகம் அதுதான்.

ஆகவே இந்தப் படம் பைபிளின் படமும் அல்ல. இதை நாம் நன்றாகக் கவனிக்க வேண்டும். 'கிறிஸ்தவர்களின் உருவம் நமது இலக்கியத்துக்குள் நுழைந்துவிட்டது' என்று சிலர் மேடையில் சத்தம் போடுகிறார்கள். சண்டை பிடிப்பதற்கு முன் அயலவரின் வீட்டை ஒருக்கா எட்டிப் பார்த்தால் நல்லது. ஆயித்தியமலையில் சதா சகாய மாதாவின் திருத்தலம் இருக்கிறது. அந்தப் பெயரோடு சேர்ந்த பழைய கிழக்கத்திய ஓவியத்தில் தாயும் பிள்ளையும் இருக்க, மேல் மூலைகளில் இரண்டு மலக்குகள் இருப்பார்கள். ஒருவர் மிக்கேல், மற்றவர் கபிரியேல். அவர்கள் கையில் பூவோ யாழோ இல்லை. ஈட்டியும் சிலுவையும் ஆணியும் இருக்கின்றன. பிள்ளை அவற்றைக் கண்டு திடுக்கிட்டுத் தாயின் கையைப் பற்றுகிறது. அந்த அதிர்ச்சியில் ஒரு காலின் செருப்பு கழன்று தொங்குகிறது. சிலுவை மரணத்தில் நமக்கு நம்பிக்கை இல்லை, அது வேறு விடயம். ஆனால் மலக்கு வந்தால் பாரமான செய்தி வரும் என்பதை அந்த ஓவியன் அறிந்திருந்தான். கேக் பெட்டிக்காரன் அறியவில்லை.

முஸ்லிம் உலகத்திலும் மலக்குகளை வரைந்திருக்கிறார்கள். 1283இல் காலமான ஸகரிய்யா அல்கஸ்வீனியின் படைப்பினங்களின் அற்புதங்களைப் பற்றிய நூலின் பழைய பிரதிகளில் மலக்குகளின் ஓவியங்கள் உண்டு. பாரசீகச் சிற்றோவியங்களிலும் வண்ண வண்ணச் சிறகோடு அவர்கள் வருவார்கள். முடியும் இடைப்பட்டியும் அணிந்து, அரசவைப் பணியாளரைப் போல ஏதாவது ஒரு வேலையில் இருப்பார்கள். ஏந்துவார்கள், சுமப்பார்கள், வழிகாட்டுவார்கள். சும்மா அழகுக்கு நிற்பவர் அபூர்வம். ஆனால் அந்த ஓவியங்கள் நமது கரைக்கு வரவில்லை. நமக்கு மலக்கு கண்ணால் வரவில்லை, காதால்தான் வந்தது. ஓதப்பள்ளியில், மௌலிது மஜ்லிஸில், வஃழில், கிஸ்ஸாப் பாட்டில், உம்மம்மாவின் வாயில்.

உமறுவின் இக்கட்டு

காதால் வந்த அந்த மரபுக்குத் தமிழில் நீண்ட வரலாறு இருக்கிறது. 1572இல் மதுரையில் அரங்கேறிய ஆயிர மசலா, படைப்பு, சுவர்க்கம், நரகம், மலக்குகள் பற்றிய கேள்வி பதில்களால் ஆனது. 1590இல் கோட்டாற்றில் அரங்கேறிய ஆலிப் புலவரின் மிகுறாசு மாலை விண்ணேற்றத்தைப் பாடியது. அந்த நூற்றாண்டைத் தாண்டி வந்த உமறுப் புலவர் மூன்று காண்டமும் ஐயாயிரத்துக்கு மேற்பட்ட பாடல்களுமாகச் சீறாப்புராணத்தைச் செய்தார்.

உமறுவுக்கு ஓர் இக்கட்டு இருந்தது. காப்பியத் தமிழில் வானுலகத்தாருக்குச் சொல் இருந்தது. ஆனால் அது தேவர்களுக்கான சொல். தமிழ் மரபில் தேவர்கள் யார்? கம்பனில் அவர்கள் இராவணனுக்கு அஞ்சி ஒடுங்கியவர்கள். திருமாலிடம் முறையிட்டு, தம் விடுதலைக்காகப் போரின் முடிவைக் காத்திருப்பவர்கள். வள்ளுவரோ கயமை அதிகாரத்தில் (குறள் 1073) இன்னும் ஒருபடி போய், கயவரைத் தேவருக்கு ஒப்பிடுகிறார். காரணம், இருவருமே தாம் விரும்பியதைச் செய்து திரிபவர்கள். கேலிதான், ஆனால் வரைவிலக்கணம் சரியாக இருக்கிறது. தேவர் என்பவர் தன் விருப்பப்படி நடப்பவர்.

மலக்கு இதற்கு நேர் எதிர். சூறா தஹ்ரீம் (66:6) சொல்வது, ஏவியதை மாறாமல் செய்பவர்கள் என்பதே. ஆக, உமறு கையில் எடுத்த சொல்லும் அவர் சொல்ல வந்த பொருளும் ஒன்றோடொன்று முரண்படுகின்றன. 'அமரர்' என்ற சொல்லில் வேறு ஒரு சிக்கலும் இருக்கிறது. சாவில்லாதவர் என்பது அதன் பொருள். அல்லாஹ்வைத் தவிர அனைத்தும் அழியும் என்பது நமது ஈமான். இந்தக் காரணங்களைக் காட்டித்தான், சீறாவை ஓதுவது கூடாது என்று சொல்லும் ஒரு சாரார் நம்மிடையே உருவானார்கள். ஒரு காலத்தில் மஜ்லிஸ் வைத்து ஓதிப் பயன் சொன்ன நூல், இன்று பல்கலைக்கழகப் பாடத்திட்டத்தில் மட்டும் உயிரோடு இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

அவர்களது கவலையை நான் கேலி செய்யவில்லை. ஆனால் ஒரு நூலைச் சொல்லை எண்ணி மட்டும் மதிப்பிட முடியாது. அந்தச் சொல்லுக்கு என்ன வினை கொடுக்கப்பட்டிருக்கிறது என்று பார்க்க வேண்டும். பெயர்ச்சொல் ஓர் ஆளின் உடுப்பு என்றால், வினைச்சொல்தான் அவன் குணம். நுபுவ்வத்துக் காண்டத்தில் நபிப்பட்டம் பெற்ற படலத்தையும் தொழுகை வந்த வரலாற்றுப் படலத்தையும் எடுத்துப் பாருங்கள். ஜிபுறயீல் வருகிறார், இறைவனின் சொல்லைச் சேர்ப்பிக்கிறார், கற்பிக்கிறார், போய்விடுகிறார். தனக்கென்று எதுவும் கேட்பதில்லை. யாருக்கும் அஞ்சி ஒடுங்குவதும் இல்லை. தன் விருப்பம் என்று ஒரு வினையும் அவருக்கு இல்லை. கம்பனின் அமரர் முறையிடுகிறார், ஒளிகிறார், மகிழ்கிறார். உமறுவின் அமரர் வருகிறார், சொல்கிறார், திரும்புகிறார். எழுத்து ஒன்றுதான், ஆள் வேறு.

காப்பிய மரபின் வருணனைச் சுமை உமறுவிலும் உண்டு. சில இடங்களில் உவமை மேல் உவமை அடுக்கி நம்மைக் களைக்க வைத்துவிடுவார். இன்றைய மாணவன் அதைக் குறை என்று சொன்னால் நான் மறுக்க மாட்டேன். ஆனால் அயல் வீட்டுச் சொல்லை வாங்கி, அதிலிருந்த ஆளை வெளியே அனுப்பி, நமது ஆளை உள்ளே இருத்தியது பெரிய காரியம். தேம்பாவணியில் வீரமாமுனிவரும் இதையே செய்தார். யோசேப்பை வளன் என்று தமிழாக்கிய அவர், ஐயந்தோற்று படலம், ஐயநீங்கு படலம் என்று அடுத்தடுத்து வைத்திருக்கிறார். ஐயத்தில் வாடும் ஒரு கணவனுக்குத் தெளிவு தர வானவர் வருவது மத்தேயு நற்செய்தியின் செய்தி. அங்கும் வானவர் அலங்காரத்துக்காக வரவில்லை, ஒரு குடும்பம் உடையாமல் காக்க ஏவப்பட்டு வருகிறார். இரண்டு மதத்து இரண்டு புலவர்கள், ஒரே மொழியின் ஒரே சொற்களை வைத்து, ஏறக்குறைய ஒரே விடையைக் கண்டிருக்கிறார்கள். நமது ஒப்பியல் ஆய்வாளர்கள் இதை இன்னும் விரிவாகப் பார்க்க வேண்டும்.

தோளில் இருப்பவர்கள்

காப்பியம் படிக்காத நமது மூத்தம்மாமாருக்கும் மலக்கைத் தெரியும். தோளில் இரண்டு பேர் இருக்கிறார்கள், 'பார்த்துப் பேசு மனெ, எழுதுறாங்க' என்பார்கள். கபுறில் கேள்வி கேட்க முன்கர், நகீர் வருவார்கள். ஆதம் நபியைப் படைக்க மண் எடுக்கப் போனபோது பூமி அழுததையும், மற்றவர்கள் திரும்பி வர இஸ்றாயீல் மட்டும் எடுத்து வந்ததையும், அதனால்தான் உயிர் எடுக்கும் வேலை அவருக்குக் கிடைத்ததையும் கதையாகச் சொல்வார்கள். மழை மீக்காயீலின் பொறுப்பு. பெரும்போக விதைப்புக் காலத்தில் வானத்தைப் பார்க்கிற விவசாயிக்கு அந்தப் பெயர் வெறும் பெயரில்லை.

இதிலும் ஓர் அயல் ஒப்பீடு இருக்கிறது. 1873இல் தொடங்கிய புனித மிக்கேல் கல்லூரி நமது மாவட்டத்தின் பெயர்பெற்ற பாடசாலை. முஸ்லிம் பிள்ளைகளும் அங்கே படித்திருக்கிறார்கள். அந்த மிக்கேல்தான் சூறா பகறாவில் (2:98) ஜிப்ரீலோடு சேர்த்துப் பெயர் சொல்லப்படும் மீக்கால். கிறிஸ்தவ மரபில் அவர் வாளேந்திய படைத்தலைவர். நமது மரபில் மழையும் உணவும் பங்கிடுபவர். பெயர் ஒன்று, பணி வேறு. ஆனால் இரு பக்கமும் அவர் பணியாளர்தான். சும்மா இருப்பவர் இல்லை.

இந்த வாய்மொழிக் கதைகள் எல்லாம் ஆதாரபூர்வமானவை என்று நான் வாதிடவில்லை. அதை உலமாக்கள் பார்த்துக்கொள்ளட்டும். இலக்கியக்காரனுக்கு வேண்டியது வேறு. இந்தக் கதைகளில் மலக்குக்கு வேலை இருந்தது, மனிதன் மேல் ஒரு கண் இருந்தது, அதனால் மனிதனின் செயலுக்கு ஒரு கனம் இருந்தது.

ஒரு வகுப்பில் தரம் 10 மாணவர்களிடம் 'வானவர்' என்ற தலைப்பில் பத்து வரி எழுதச் சொன்னேன். அரைவாசிக்கு மேற்பட்டோர் வெள்ளை உடுப்பும் சிறகும் மந்திரக் கோலும் எழுதினார்கள். மந்திரக் கோல் எங்கிருந்து வந்தது என்று கேட்டதற்கு, 'கார்ட்டூன்ல அப்பிடித்தானே சேர் வரும்' என்றான் ஒருவன். பிள்ளையைக் குறை சொல்ல என்ன இருக்கிறது? பாலர் பாடசாலைக் கலைவிழாவில் ரெஜிபோமில் வெட்டிய சிறகைக் கட்டி அவனை மேடையேற்றியவர்கள் நாம்தான். அந்த வகுப்பில் எல்லோரும் மலக்குகளை ஈமான் கொள்வது பற்றி மனப்பாடமாகச் சொல்வார்கள். சொல் அரபுதான், ஆனால் உள்ளே இருக்கிற படம் வேறு.

உமறு செய்ததற்கு இது நேர் எதிர். அவர் அயலவரின் சொல்லை வாங்கி நமது பொருளை உள்ளே வைத்தார். நாம் நமது சொல்லை வைத்துக்கொண்டு யாருடைய பொருளோ தெரியாத ஒன்றை உள்ளே வைத்திருக்கிறோம். 'அமரர்' என்றதற்காக உமறுவை விலக்கியவர்கள் இதைக் கவனித்ததாகத் தெரியவில்லை.

'தேவதை'யும் தன் வீட்டை இழந்த சொல்தான். நமது இந்து அயலவரிடம் பரிவார தேவதை, காவல் தேவதை, துர்த்தேவதை என்று வழங்குவதெல்லாம் பொங்கலும் மடையும் கேட்கிற, கோபப்படுகிற, அஞ்சத்தக்க சக்திகள். அந்தச் சொல்லைச் சினிமாப் பாட்டு எடுத்துப் பல்லைப் பிடுங்கி நமக்குத் தந்திருக்கிறது.

ஒரு மறுப்பு

'இது வெறும் உவமை சேர், கவிதைக்கு ஃபத்வா கொடுக்காதீங்க' என்று இளம் கவிஞர்கள் சொல்லக்கூடும். நியாயமான மறுப்புத்தான். குர்ஆனிலேயே அப்படி ஓர் ஒப்பீடு இருக்கிறது. யூஸுஃப் நபியைக் கண்ட எகிப்தியப் பெண்கள், இவர் மனிதரல்லர், கண்ணியமான மலக்குத்தான் என்றார்கள் (12:31). அல்லாஹ் அதைப் பதிவு செய்திருக்கிறான். ஆனால் அந்தச் சொல் யார் வாயில், எந்த நிலையில் வருகிறது என்று பாருங்கள். பழத்துக்குப் பதில் தங்கள் கையையே வெட்டிக்கொண்ட பெண்களின் வாயில் வருகிறது. அங்கே மலக்கு என்ற சொல்லில் திகைப்பு இருக்கிறது, இரத்தமும் இருக்கிறது. உவமை கூடாது என்பதல்ல என் வாதம். உவமை எதையாவது சுமக்க வேண்டும் என்பதே.

இக்பால் இதற்கு நல்ல சான்று. 1935இல் வந்த அவரது தொகுதியின் பெயரே 'ஜிப்ரீலின் சிறகு'. அதில் ஜிப்ரீலும் இப்லீஸும் உரையாடும் கவிதை ஒன்று இருக்கிறது. மனிதனின் வேட்கையும் வேதனையும் மலக்குக்கு இல்லை என்பதை மையமாக வைத்து, மனிதனாக இருப்பது என்றால் என்ன என்று இக்பால் நம்மைக் கேட்க வைக்கிறார். மலக்கைத் தொட்டால் மனிதனைப் பற்றிய கேள்வி எழ வேண்டும். அந்த இக்பாலை 'இக்பால் இதயம்' என்று தமிழுக்குக் கொண்டுவந்தவர் நமது காத்தான்குடி அப்துல் காதர் லெப்பைதான். இந்தப் பாரம்பரியம் தூரத்தில் இல்லை, நமது ஊரிலேயே இருக்கிறது.

மரணித்த பிள்ளைகளை என்ன பெயரால் அழைப்பது

இதெல்லாம் வெறும் இரசனைப் பிரச்சினை என்றால் இவ்வளவு எழுதத் தேவையில்லை. இந்தக் கரை பிள்ளைகளை அடக்கம் செய்த கரை. 1990 ஆகஸ்ட் 3இல் காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுகையில் இருந்த நூற்றுக்கு மேற்பட்டோர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அவர்களில் சிறுவர்களும் இருந்தார்கள். 2004 டிசம்பர் 26இல் கடல் வந்தது. 2019 ஏப்ரல் 21இல், உயிர்த்த ஞாயிறன்று, மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்தில் குண்டு வெடித்தது. ஞாயிறு பாடசாலைப் பிள்ளைகள் பலர் அதில் மரணித்தார்கள். அதைச் செய்தவன் நமது பெயரைச் சுமந்தவன்.

இந்த மூன்று சந்தர்ப்பங்களையும் பற்றி எழுதப்பட்ட கவிதைகளில் அடிக்கடி காண்கிற வரி, பிள்ளைகள் தேவதைகளானார்கள் என்பது. எழுதியவர்களின் கண்ணீரில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் அந்த வரி என்ன செய்கிறது? கொல்லப்பட்ட பிள்ளையை ஓர் அழகான படமாக்கி வானத்துக்கு அனுப்பிவிடுகிறது. படத்தைப் பார்த்து அழலாம். யார் செய்தது, ஏன் செய்தது, நாம் எங்கே இருந்தோம் என்று படம் கேட்பதில்லை.

இரு வேதங்களும் இப்படிச் சொல்லவில்லை. மத்தேயு 18ஆம் அதிகாரம், சிறுவர்களுக்குரிய தூதர்கள் பரலோகத்தில் இறைவனின் சமுகத்தில் எப்போதும் இருக்கிறார்கள் என்கிறது. பிள்ளைகளே தூதர்களாகிவிடுகிறார்கள் என்று சொல்லவில்லை. பிள்ளைகளுக்காக அங்கே பேச ஆள் இருக்கிறது, ஆகவே அவர்களை அற்பமாக எண்ணாதீர்கள் என்பது அதன் எச்சரிக்கை. நமது ஹதீஸில் சிறு வயதில் மரணித்த பிள்ளைகள் சுவர்க்கத் தோட்டத்தில் இப்ராஹீம் நபியைச் சூழ்ந்திருக்கிறார்கள். அங்கும் அவர்கள் பிள்ளைகள்தான். மலக்காக மாறவில்லை, மாறத் தேவையும் இல்லை. மலக்குகள் ஸுஜூது செய்தது ஆதமுக்கு. மனிதப் பிள்ளை மலக்கை விடக் குறைந்ததல்ல, மலக்கு என்று பெயரை உயர்த்திச் சொல்வதற்கு.

'அமரர்' என்ற சொல்லுக்கு இலங்கைப் பத்திரிகைகளில் நடந்ததும் இதுவே. உமறுவிடம் மலக்கைக் குறித்த சொல், இன்று மரண அறிவித்தலில் காலமானவரின் பெயருக்கு முன்னால் நிற்கிறது. சாவில்லாதவர் என்ற சொல்லால் செத்தவரை அழைக்கிறோம். துக்கத்துக்கு அது ஆறுதலாக இருக்கலாம். கொலைக்கு அது மறைப்பாகிவிடும்.

மரணித்த பிள்ளைகளைப் பற்றிய கவிதையில் மலக்குக்கு இடம் உண்டு. அது பிள்ளையின் இடம் அல்ல, எழுதுகிறவரின் இடம். சூறா இன்ஃபிதாரில் (82:10-12) வரும் கண்ணியமான எழுத்தாளர்கள், நாம் செய்வதை அறிந்து பதிபவர்கள். பள்ளிவாசலில் சுட்டவனின் தோளிலும் தேவாலயத்தில் வெடித்தவனின் தோளிலும் அவர்கள் இருந்தார்கள். அன்று வாய் மூடி இருந்தவர்களின் தோளிலும் இருந்தார்கள். நமது மூத்தம்மாமாருக்குத் தெரிந்திருந்த அந்த மலக்கை நமது கவிதை இன்னும் அழைக்கவில்லை.

நமது எழுத்தாளர்களிடமும் ஆசிரியர்களிடமும் கேட்பது இரண்டு. சீறாவின் நபிப்பட்டம் பெற்ற படலத்தை உயர்தர மாணவர்களுடன் சேர்ந்து வினைச்சொற்களைக் குறித்தபடி ஒருமுறை வாசியுங்கள். மலக்குகள் பற்றி நமது ஊர்ப் பெரியவர்கள் சொல்லும் கதைகளையும் சொற்களையும் அவர்கள் இருக்கும்போதே எழுதி வையுங்கள். சீயோனில் மரணித்த பிள்ளைகளைப் பற்றி நம்மில் ஒருவர் கவிதை எழுதினால் அதில் சிறகு வேண்டாம். அந்தப் பிள்ளைகளுக்குப் பெயர் இருந்தது, வயது இருந்தது, திங்கட்கிழமை செய்து முடிக்க வேண்டிய வீட்டுவேலை இருந்தது. அதை எழுதட்டும்.